காற்றும் காலும் வகுக்கும் விகிதம்

வெலோட்ரோம் எனப்படும் வளையத் தடத்தில் ஓடும் பந்தய சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. கியர் மாற்றும் பொறி கிடையாது. மிதிப்பவரின் கால்களுக்கு இடையிடையே ஓய்வு தரும் ஃப்ரீவீலும் கிடையாது. மிதிகட்டைகளோடு சேர்ந்த முன் பல்சக்கரம் ஒன்று, பின்சக்கரத்தின் குடத்தோடு அசையாமல் இறுக்கப்பட்ட பின் பல்சக்கரம் ஒன்று, இவ்விரண்டையும் தழுவி ஓடும் ஒரு சங்கிலி ஆகிய இவையே அதன் யந்திர பாகம் முழுவதும். சக்கரம் சுழலும் வரை கால்களும் சுழன்றே தீர வேண்டும். கால்களின் வேகத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள விகிதம், புறப்படுமுன் எது நிர்ணயிக்கப்பட்டதோ அதுவாகவே முடிவுக்கோடு வரை நிற்கும். சாலைப் பந்தயத்தில் ஏறுபவருக்கு ஏற்றத்துக்கு ஒரு கியர், இறக்கத்துக்கு ஒரு கியர் என்று வழிநெடுகத் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உண்டு. தடத்தில் ஓடுபவர் தம் முடிவை ஒரே ஒரு முறை, அதுவும் முன்னதாகவே, எடுத்துவிடுகிறார். அந்த முடிவு எந்த நியாயத்தின் மேல் நிற்கிறது என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு இரண்டு சாதனைகளை அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், மெக்சிகோ நகரத் தடத்தில், பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் தூரம் ஓடினார். அவருடைய முன் பல்சக்கரத்தில் 52 பற்கள், பின்னதில் 14. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் நகரத்து உள்ளரங்கத் தடத்தில், இத்தாலிய வீரர் பிலிப்போ கன்னா அதே ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓடினார். அவர் முன்னே பூட்டியிருந்தது 65 பற்கள். பின்னே அதே 14. முன் பல்சக்கரத்தில் பதின்மூன்று பற்கள் கூடியிருக்கின்றன. தூரத்தில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் கூடியிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இளைஞர், பற்கள் கூடியதால்தான் தூரம் கூடியது என்று எண்ணிவிடுவது சுபாவம். அந்த எண்ணம் தவறு என்பதும், பல்விகிதம் காரணமன்று, காரியம் என்பதும் இனி விளங்கும்.

முதலில் கணக்கைச் செய்துவிடுவோம். முன் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது கிடைக்கிறது. அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி கடக்கும் தூரம் வருகிறது. இதைச் சுற்றுத் தூரம் என்று அழைப்போம். பந்தயச் சக்கரத்தின் சுற்றளவைச் சுமார் 2.1 மீட்டர் என்று கொண்டால், மெர்க்ஸின் சுற்றுத் தூரம் ஏறத்தாழ 7.8 மீட்டர்; கன்னாவினுடையது ஏறத்தாழ 9.75 மீட்டர். அந்த ஒரு மணி நேரத்தில் மெர்க்ஸின் கால்கள் சுமார் 6,300 முறை சுற்றின. கன்னாவின் கால்களோ சுமார் 5,800 முறையே சுற்றின. நிமிடக் கணக்கில் முன்னவருக்கு 105-ஐ ஒட்டியும், பின்னவருக்கு 97-ஐ ஒட்டியும் சுழற்சி அமைகிறது. அதிக தூரம் ஓடியவர் குறைந்த முறை மிதித்திருக்கிறார். அப்படியானால் ஒவ்வொரு மிதியிலும் அவர் அதிகத் தூரத்தை வாங்கியிருக்கிறார். அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதே கேள்வி.

சமதளத்தில் இந்த வேகத்தில் செல்பவருடைய பிரயாசையில் மிகப் பெரும் பங்கைக் காற்றே உண்டுவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. அந்த விசையை எதிர்த்து முன்செல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்தைப் பொறுத்து வளர்கிறது. கன்னாவின் வேகம் மெர்க்ஸின் வேகத்தைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு அதிகம். அந்தச் சிறு அதிகத்துக்கு, மற்றவை யாவும் சமமாக இருந்தால், ஒன்றரை மடங்கு திறன் வேண்டும். மற்றவையும் சமமாக இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஐந்நூறு மீட்டர் உயரத்தையும் எட்டாத கிரென்ஹென்னில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே தேவை ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது. தம் காலத்தின் ஒப்பற்ற வீரராகிய மெர்க்ஸைவிட ஒன்றரை மடங்கு வலிமை படைத்த மனிதர் ஒருவர் இடையில் பிறந்துவிட்டார் என்று எந்த உடலியல் அறிஞரும் ஒப்பமாட்டார். ஆதலின், காற்று கேட்ட விலையே குறைந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நாம் வந்தே ஆகவேண்டும்.

இதற்கு அசைக்க முடியாத சான்று ஒன்று வரலாற்றிலேயே இருக்கிறது. ஆங்கில வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996-ஆம் ஆண்டு மான்செஸ்டர் தடத்தில், கைகளை முன்னே நீட்டி உடலைக் கிடைமட்டமாகத் தாழ்த்திய நிலையில், காற்றைக் கிழிக்கும் சக்கரங்களுடன் 56.375 கிலோமீட்டர் ஓடினார். பின்னர் சர்வதேச சைக்கிள் சம்மேளனம், மெர்க்ஸ் காலத்து முறையில் அமைந்த சைக்கிளிலேயே ஒரு மணிச் சாதனை நிகழ்த்தப்பட வேண்டும் என்று, 2014 வரை நீடித்த விதி ஒன்றை வகுத்தது. 2000-ஆம் ஆண்டு அதே போர்ட்மன், அதே மான்செஸ்டர் தடத்தில், வளைந்த கைப்பிடியும் கம்பி வைத்த சக்கரங்களும் கொண்ட சைக்கிளில் ஏறி 49.441 கிலோமீட்டர் ஓடினார். மெர்க்ஸைவிடப் பத்தே பத்து மீட்டர் அதிகம். வீரர் ஒருவரே, தடமும் ஒன்றே, இடையில் அவருக்கு நான்கு ஆண்டு மூப்பு வந்ததை எண்ணிச் சிறிது தள்ளுபடி செய்தாலும், குறைந்துபோன ஏழு கிலோமீட்டரின் பெரும்பகுதி உடல் கிடந்த நிலையிலும் சக்கரத்தின் வடிவிலும் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. கால்கள் நிமிடத்துக்கு நூறு முறை சுற்றுவதாகக் கொண்டால், முதல் வேகத்துக்கு 9.4 மீட்டர் சுற்றுத் தூரம் பொருந்தும். இரண்டாம் வேகத்துக்கு 8.2 மீட்டரே பொருந்தும். ஒரே மனிதருக்கு, ஒரே கால்களுக்கு, இரண்டு வெவ்வேறு கியர்கள் சரியாகின்றன. வித்தியாசம் காற்றிலிருந்து வருகிறது.

சக்கரத்தின் பங்கை இனி நுணுகிக் காண்போம். மாட்டுவண்டி ஊர்ந்து செல்லும்போது அதன் சக்கரத்தில் சேறு ஒட்டிய ஓரிடத்தைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விசேஷம் தெரிந்திருக்கும்: அந்த இடம் தரையைத் தொடும் கணத்தில் அசைவற்று நிற்கிறது, உச்சிக்கு வரும் கணத்திலோ வண்டியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளின் சக்கர உச்சி மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. அந்த உச்சிப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு ஆரக்கம்பியும் தனித்தனியே காற்றை வெட்டிக் கலக்குகிறது; கம்பிகள் எத்தனை மெல்லியனவாயினும், எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக வளர்வதால், அவற்றின் கூட்டு நஷ்டம் அற்பமானதன்று. கம்பிகளை அறவே நீக்கி, குடத்திலிருந்து விளிம்பு வரை ஒரே தகடாக மூடிவிட்டால் இந்தக் கலக்கம் பெரும்பாலும் ஒழிகிறது. வட்டத் தகட்டுச் சக்கரத்தின் தத்துவம் இவ்வளவே.

1984-ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலிய வீரர் ஃபிரான்செஸ்கோ மோசர், மெர்க்ஸ் ஓடிய அதே மெக்சிகோ நகரத்தில் இத்தகைய தகட்டுச் சக்கரங்களோடு இறங்கி, முதலில் 50.808 கிலோமீட்டரும், நான்கு நாள் கழித்து 51.151 கிலோமீட்டரும் ஓடினார். மெர்க்ஸின் சைக்கிள் ஆறு கிலோ எடையையும் எட்டாதபடி, கைப்பிடியிலும் சங்கிலியிலும்கூடத் துளையிட்டு இலேசாக்கப்பட்டிருந்தது. மோசரின் தகட்டுச் சக்கரங்களோ கம்பிச் சக்கரங்களைவிடக் கனமானவை. ஆயினும் கனமான சக்கரமே வென்றது. ஏன் என்பதைக் கணக்கு காட்டும். சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் எடை முன்னே செல்வதோடு சுழலவும் செய்வதால், அதற்கு வேகம் ஊட்ட ஏறத்தாழ இரு மடங்கு சக்தி செலவாகிறது. விளிம்பில் 200 கிராம் கூடுதலாக வைத்து வினாடிக்கு 16 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஆகும் அதிகச் சக்தி சுமார் 51 ஜூல். 400 வாட் திறனில் மிதிக்கும் வீரர் வினாடியின் எட்டில் ஒரு பங்கில் அதைத் திருப்பிச் சம்பாதித்துவிடுவார். ஒரு மணி நேர ஓட்டத்தில் அந்தச் செலவு தொடக்கத்தில் ஒரு முறை வருவது. காற்றின் எதிர்ப்போ மூவாயிரத்து அறுநூறு வினாடியும் இடைவிடாமல் வரிவாங்குவது. எடையைக் குறைப்பதையே லட்சியமாகக் கொண்ட தலைமுறை, ஒரே முறை கட்ட வேண்டிய சிறு கடனைக் கண்டு அஞ்சி, ஓயாத வரியைக் கவனியாதிருந்தது.

சாலையில் முன்சக்கரத்தை இப்படி மூடினால், பக்கத்திலிருந்து வீசும் காற்று அதன் பரப்பில் மோதிக் கைப்பிடியைத் திருப்பிவிடும். ஆகவே அங்கே முன்னே ஆழமான விளிம்பும் சில கம்பிகளும், பின்னே தகடும் என்பது வழக்கம். கூரையிட்ட தடத்தில் பக்கக்காற்று இல்லை. ஆதலால் இரண்டு சக்கரங்களும் தகடாக இருக்கலாம். அதே அரங்கத்தில் எதிராளியின் அசைவுக்கேற்பத் திடீரெனத் திரும்பியும் பாய்ந்தும் செல்ல வேண்டிய ஸ்பிரின்ட் வீரர்கள் சிலர், முன்னே மூன்று அல்லது ஐந்து அகன்ற ஆரங்கள் கொண்ட சக்கரத்தை விரும்புவதுண்டு. இடமும் பந்தயமும் மாறினால் சக்கரமும் மாறுகிறது. எங்கும் எப்போதும் சிறந்தது என்று ஒரு சக்கரம் கிடையாது.

டயரையும் மறந்துவிடலாகாது. 250 மீட்டர் மரத்தடத்தின் வளைவுகள் 42 பாகைக்கும் மேல் சாய்ந்து நிற்கின்றன. வளைவில் நுழையும் வீரருடைய எடை, மையத்தை விட்டு விலகும் விசையோடு கூடி, ஏறத்தாழ ஒன்றரை மடங்காக டயரை அழுத்துகிறது. அழுத்தத்தால் நசுங்கி மீளும் ரப்பரும் துணியும் அந்த நசுங்கலில் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கரைகிறது. மெல்லிய நெய்துணி உடலும், அதிகக் காற்றழுத்தமும் உடைய டயர்கள் வழுவழுப்பான மரத்தின் மேல் இந்த நஷ்டத்தைக் குறைக்கின்றன. உள்ளே டியூபை வைத்துத் தைத்த அத்தகைய டயரை விளிம்போடு ஒட்டுவதற்கு முற்காலத் தட வீரர்கள் அரக்கைப் பயன்படுத்தினார்கள். இறுகிய அரக்கு டயரைச் சிறிதும் நெளியவிடாது என்பதே அதன் பெருமை. வளைவில் உடல் உட்புறமாகச் சாய்ந்திருப்பதால், உடலின் எடைமையம் செல்லும் பாதை சக்கரம் செல்லும் பாதையைவிடக் குறுகியது. ஆகவே உடலின் வேகம் மாறாதிருக்கும்போதே சக்கரம் வேகம் கொள்கிறது. ஒவ்வொரு வளைவிலும் கால்கள் சற்றே விரைந்தும், நேர்ப்பகுதியில் சற்றே தளர்ந்தும் சுழல்வதற்கு இதுவே காரணம்.

காற்றைப் பற்றிப் பேசியாயிற்று. இனிக் காலைப் பற்றிப் பேச வேண்டும். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் இழுவிசை குறைகிறது என்பதை ஆங்கில உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில் 1938-இல் தவளையின் தசையைக் கொண்டு அளந்து நிறுவினார். மிக மெதுவாக மிதிக்கும்போது விசை பெரிது, வேகம் சிறிது. மிக வேகமாக மிதிக்கும்போது வேகம் பெரிது, விசை சிறிது. இரண்டின் பெருக்கமாகிய திறன் இடையில் எங்கோ உச்சத்தை அடைகிறது. சில வினாடிகளே நீடிக்கும் முழுமூச்சு ஓட்டத்தில் பயின்ற வீரர்களுக்கு அந்த உச்சம் நிமிடத்துக்கு 120 முதல் 130 சுற்றை ஒட்டி வருகிறது. நீண்ட ஓட்டத்தில் வேறொரு கணக்கும் சேர்கிறது: கால்களைச் சும்மா சுழற்றுவதற்கே பிராணவாயு செலவாவதால், மிகை வேகம் வீண், மிகக் குறைந்த வேகத்திலோ ஒவ்வொரு மிதியும் பெரும் விசையைக் கேட்டு, விரைவில் களைக்கும் தசைநார்களை வேலைக்கு இழுக்கிறது. ஒரு மணி ஓட்டக்காரர்கள் தொண்ணூற்றைந்துக்கும் நூற்றைந்துக்கும் இடையில் பெரும்பாலும் நின்றுவிடுவது இந்த இரு நஷ்டங்களுக்கும் நடுவில் வழி கண்டதன் பயன்.

குறுகிய ஓட்டத்தில் இந்த நியாயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீரர் ஹாரி லாவ்ரைசன், ஓடிவந்து கடக்கும் 200 மீட்டரை 9.088 வினாடியில் முடித்தார். அன்று அது உலகச் சாதனை. அந்த வேகம் நிமிடத்துக்கு 1,320 மீட்டர். விகிதம் மூன்றரையானால் இதை எட்ட நிமிடத்துக்கு 180 சுற்று மிதிக்க வேண்டும். தசையின் திறன் உச்சத்தைத் தாண்டி வெகுவாகச் சரிந்துவிட்ட இடம் அது. விகிதம் ஐந்தானால் 126 சுற்றே போதும். திறன் உச்சமாக இருக்கும் இடத்திலேயே கால்கள் நிற்கின்றன. சாய்ந்த தடத்தின் உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கி வேகம் பெறும் வசதி இந்த ஓட்டத்தில் இருப்பதால், பெரிய கியரின் குறையாகிய மந்தமான தொடக்கம் இங்கே அவ்வளவாகத் தண்டிப்பதில்லை.

நின்ற நிலையிலிருந்து புறப்படும் பந்தயங்களில் அந்தக் குறை முழு உருவத்தோடு எழுந்து நிற்கிறது. 165 மில்லிமீட்டர் நீளமுள்ள கிராங்கின் மேல் வீரர் 100 கிலோ எடைக்கு ஒப்பான விசையை அழுத்துகிறார் என்று கொள்வோம். விகிதம் மூன்றரையாக இருந்தால் தரையில் வண்டியை முன்தள்ளும் விசை சுமார் 14 கிலோ. விகிதம் ஐந்தாக இருந்தால் சுமார் 10 கிலோவே. வண்டியைக் கிளப்புவதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நஷ்டம் புறப்படும் கணத்திலேயே விழுந்துவிடுகிறது. மூவர் ஓடும் குழு ஸ்பிரின்ட் பந்தயத்தில் முதலாமவர் ஒரு சுற்றோடு விலகிவிடுகிறார்; அவருடைய கடமை முழுவதும் வேகத்தை எழுப்புவதே. மூன்றாமவர் மூன்று சுற்றும் ஓடி, எழுந்த வேகத்தைக் காத்து முடிக்க வேண்டியவர். ஆகவே ஒரே குழுவில், ஒரே நேரத்தில், முதல்வர் சிறிய கியரிலும் கடைசி வீரர் பெரிய கியரிலும் ஓடுகிறார்கள். கியரை நிர்ணயிப்பது வீரரின் வீரம் அன்று, அவருக்கு வாய்த்த வேலையே என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

விகிதம் முடிவானபின், அதே விகிதத்தை எந்தப் பற்களால் அமைப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஓப்ரீ 1993-இல் நார்வேயின் ஹாமர் தடத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடியபோது 52-க்கு 12 வைத்திருந்தார். 65-க்கு 15 வைத்தாலும் விகிதம் துல்லியமாக அதுவே. ஆயினும் இரண்டும் சமமல்ல. பன்னிரண்டு பல் சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியும் 30 பாகை மடங்க வேண்டும். பதினைந்து பல் சக்கரத்தில் 24 பாகை மடங்கினால் போதும். முன் பல்சக்கரம் பெரிதாவதால், அதே விசையில் மிதித்தும் சங்கிலியின் இழுவிறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மடங்கும் கோணமும் இழுவிறைப்பும் குறைந்தால் கண்ணிகளின் உராய்வும் குறைகிறது. சங்கிலியால் விரயமாகும் திறன் நூற்றுக்குச் சில பங்குகளே. ஆனால் அதில் ஒரு சிறு பகுதியை மீட்டாலும், ஒரு மணி ஓட்டத்தின் முடிவில் மீட்டர் கணக்கில் அது தெரியும். இக்காலத்துத் தட வீரர்களின் முன் பல்சக்கரங்கள் தட்டைப்போல் அகன்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னே ஒரு பல்லை மாற்றினால் விகிதம் நூற்றுக்கு ஏழு பங்கு பெயர்கிறது. முன்னே ஒரு பல்லை மாற்றினால் ஒன்றரை பங்கே பெயர்கிறது. முதலில் பின்னதைக் கொண்டு எல்லையை வகுத்துக்கொண்டு, பிறகு முன்னதைக் கொண்டு நுட்பமாகச் சரிசெய்வது அனுபவமுள்ள பயிற்சியாளர்களின் முறை.

இனிக் கன்னாவின் பதின்மூன்று பற்களுக்கு நாம் விடை சொல்லலாம். தகட்டுச் சக்கரங்களும், முப்பரிமாண அச்சில் வார்த்த மெல்லிய சட்டகமும், உடலோடு ஒட்டிய ஆடையும், குறுக்கிய உடல்நிலையும் காற்று வாங்கிய வரியைக் குறைத்தன. வரி குறைந்ததால் அதே வகைத் திறனுக்கு அதிக வேகம் கிடைத்தது. கிடைத்த வேகத்தைக் கால்களுக்கு உகந்த சுழற்சியால் வகுத்தபோது 9.75 மீட்டர் வந்தது, 9.75 மீட்டரைப் பற்களாக மொழிபெயர்த்தபோது 65-க்கு 14 ஆயிற்று. வரிசையில் பற்கள் கடைசியாகவே வருகின்றன.

தடத்தில் புதிதாக இறங்கும் இளைஞரும் இதே வரிசையைப் பின்பற்றலாம். 250 மீட்டர் சுற்றைத் தொடர்ந்து 20 வினாடியில் முடிக்கக்கூடியவர் நிமிடத்துக்கு 750 மீட்டர் செல்கிறார். நூறு சுற்று மிதிப்பது அவருக்கு இயல்பானால் 7.5 மீட்டர் சுற்றுத் தூரம் வேண்டும். அது 50-க்கு 14. சாதனை வீரரைக் கண்டு அவர் 65-க்கு 14 பூட்டினால், அதே வேகத்தில் அவருடைய கால்கள் நிமிடத்துக்கு 77 சுற்றுக்குத் தாழ்ந்து, ஒவ்வொரு மிதியும் முன்னைவிட நூற்றுக்கு முப்பது பங்கு அதிக விசையைக் கேட்கும்; வேகம் கூடாது, களைப்பே கூடும். மாறாக, அவர் உடலைத் தாழ்த்தி, தக்க சக்கரமும் டயரும் அமைத்து, பயிற்சியால் சுற்றை 19 வினாடிக்குக் கொண்டுவந்துவிட்டால், 50 பற்கள் அவர் கால்களை நூற்றைந்து சுற்றுக்கு விரட்டத் தொடங்கும். அப்போது முன்னே 52 அல்லது 53 பல் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதைக் கடிகாரமே அவருக்குச் சொல்லும்.